தலையில்லாத சீனாக்காரன்

அத்தியாயம் 5

தலையே இல்லாத ஒருவனைத் தேடித் தரவேண்டும் என்று ஒருவர் வந்து கேட்டால், துப்பறிகிறவன் முதலில் யாருடைய தலையைச் சந்தேகிக்க வேண்டும்? கேட்டவருடைய தலையைத்தான். லியனார்டும் அதைத்தான் செய்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் தலையை இடப்பக்கமிருந்தும் வலப்பக்கமிருந்தும் பார்த்தான். நன்றாக வாரி, எண்ணெய் வைத்து, அசையாமல் இருந்தது.

வந்தவர் ஆனைப்பாறைத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சர் சிவசாமி. இருபத்திரண்டு வருடமாக அந்தத் தோட்டத்துச் சனங்களின் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் அவர்தான் மருந்து கலக்கிக் கொடுக்கிறார்.

"தேடவேண்டியது ஆளை இல்லீங்க, படத்தை," என்றார். "எங்க தோட்டத்துல ஊசி குத்துற செல்லசாமியோட சீனாப் படம். ஆள் அளவுக்கு ஒரு மனுசன் உடம்பு, அங்கங்க புள்ளி, பக்கத்துல சீன எழுத்து. தலை மட்டும் கிடையாது. நேத்து மத்தியானம் அவரோட காம்பராவுல இருந்து காணாமப் போச்சு. நான்தான் திருடினேன்னு தோட்டமே சொல்லுது."

"திருடினீங்களா?" என்று கேட்டாள் அம்மாக்கண்ணு.

அம்மாக்கண்ணு லியனார்டின் உதவியாள். ஐம்பது வயது. பத்து வருடம் ஹட்டன் பஸ் நிலையத்தில் வடை சுட்டு, ஊர் வாய் முழுவதையும் காதில் வாங்கியவள். ரயில் கார்டு உத்தியோகத்தை விட்டுவிட்டு பேக்கரி மாடியில் 'லியனார்ட், துப்பறியும் நிபுணர்' என்று பலகை மாட்டியவன் அவளை வேலைக்கு வைத்ததே அந்தக் காதுக்காகத்தான். வாய் கூடவே வந்தது. 'சார்' என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தான். 'சரி தம்பி' என்றாள்.

"திருடியிருந்தா உங்ககிட்ட ஏன்மா வாறேன்?" சிவசாமியின் மூக்கு சிவந்தது. "அந்தச் செல்லசாமி கப்பல்ல சமையல் வேலை பாத்து, பினாங்குல ஒரு கிழட்டுச் சீன வைத்தியர்கிட்ட ஒன்பது வருசம் எடுபிடியா இருந்துட்டு, போன தையிலதான் வந்தாரு. மயிர் மாதிரி மெல்லிசா ஊசி வச்சிருக்காரு. அதைக் குத்தி வலியைப் போக்குறாராம். ஊசியில மருந்தே இல்லீங்க! வெறும் ஊசி! வெறும் ஊசி குத்தி நோய் போகும்னா, ரோசாச் செடிகிட்டப் போயி விழுந்து எந்திரிச்சாப் போதாதா?"

"உங்க ஊசியில மருந்து இருக்கு, வலி போகல. அவர் ஊசியில மருந்து இல்ல, வலி போகுது. கோவம் வரத்தானே செய்யும்," என்றாள் அம்மாக்கண்ணு.

லியனார்ட் கண்ணால் அவளை அடக்கினான். சிவசாமி மீதியைச் சொன்னார். இந்த ஊசி வைத்தியத்தை நிறுத்த வேண்டும் என்று தோட்டத்து மேலாளர் பெரிய துரைக்கு எழுதிக் கொடுத்ததே அவர்தான். இன்றைக்கு மூன்று மணிக்கு, தினமும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் விசாரணை. படத்தை வைத்துத் தன் வைத்தியத்தை விளக்கிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இன்றே தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று செல்லசாமிக்குத் துரையின் உத்தரவு. இந்த நேரத்தில் படம் போனால் பழி யார் மேல் விழும்?

"நேத்துல இருந்து டிஸ்பென்சரிக்கு ஒரு இருமல்கூட வரல," என்றார் கலங்கிய குரலில். "எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு வெளிய நின்னு இருமிட்டுப் போறாங்க. அந்த ஆள் போகட்டும், ஆனா தோத்துப் போகட்டும். திருட்டுப் பேரோட நான் ஜெயிக்கக்கூடாது."

லியனார்டுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. மணி பத்து. தொப்பியை எடுத்தான்.

ஆனைப்பாறையில் ஆடி மழை தூறிக்கொண்டிருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், செல்லசாமியின் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு தகர டப்பி. எதிரே வெறும் சுவர். செல்லசாமி, எலும்பும் தோலுமான நாற்பத்தைந்து வயதுக்காரர், அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஏழெட்டுப் பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். சிவசாமியைக் கண்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

லியனார்ட் டப்பியைத் திறந்தான். ஊசிகள் பத்திரமாக இருந்தன.

"ஊசியை விட்டுட்டுப் படத்தை மட்டும் எடுத்திருக்கான். வைத்தியத்தைக் கெடுக்க வந்தவன் ஊசியையும்தானே எடுப்பான்? ஆக, திருடனுக்கு வைத்தியத்து மேல பகையில்ல."

"இதை முதல்ல வெளியில நிக்கிறவங்ககிட்டச் சொல்லுங்க," என்றார் சிவசாமி.

படம் மாட்டியிருந்த நான்கு ஆணிகளும் தலையணையின் ஓரத்தில் வரிசையாக, ஒரே இடைவெளியில் குத்தி வைக்கப்பட்டிருந்தன. இப்படியொரு ஒழுங்கான திருடனை லியனார்ட் கண்டதில்லை. பாயின் அருகே நீலமாகத் தூள் சிந்தியிருந்தது. விரல்நுனி அளவு ஒரு துண்டும் கிடந்தது. எடுத்துச் சுவரில் கீறினான். கோடு விழுந்தது. அவன் கண்கள் பளிச்சிட்டன.

"சோக்குக் கட்டி! பள்ளிக்கூடத்து வாத்தியார்!"

"வாத்தியார் சோக்கு உருண்டையா இருக்கும் தம்பி," என்றாள் அம்மாக்கண்ணு. "இது பழைய சோப்பு மாதிரி தட்டையா இருக்கு. ரவிக்கைத் துணியில இந்தக் கோட்டைப் பாத்திருக்கேன். கழுவக் கழுவப் போகாது. இது டெய்லர் சோக்கு."

லியனார்ட் தலையணையை மறுபடி பார்த்தான். கையில் கூரான எதையும் கீழே வைக்காமல் துணியிலேயே குத்தி வைக்கிற வழக்கம் யாருக்கு இருக்கும்?

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றான்.

"தெரியும் தம்பி. நான் கொஞ்சம் முந்திட்டேன்."

"செல்லசாமி அண்ணே, உங்ககிட்ட வைத்தியத்துக்கு வந்த தையல்காரர் யாரு?" என்று கேட்டான் லியனார்ட்.

"கொட்டகலை சின்னராசா. வலது தோள் தூக்க முடியாம வந்தாரு. நல்லவருங்க, அவர் அப்படிச் செய்ய மாட்டாரு."

வாசலில் நின்ற வீரம்மா என்ற பெண் தலையை நீட்டினாள். "ஆமா, அவருக்குத் தோளு, உடனே படுக்க வச்சாரு. என் முழங்காலுக்கு மட்டும் மாட்டேன்னுட்டாருங்க. அப்புறம் எனக்கும் தோள்வலி வந்துச்சு, அதுக்குப் போட்டாரு, போயிடுச்சு. முழங்காலு மட்டும் அப்படியே நிக்குது."

"முழங்காலுக்கு ஏன் மாட்டீங்க?" என்று கேட்டான் லியனார்ட்.

"படத்துல இல்லீங்களே," என்றார் செல்லசாமி பரிதாபமாக. "கழுத்துல தொடங்கி இடுப்புக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும்தான் புள்ளி இருக்கு. கையில மணிக்கட்டு வரைக்கும். தலைவலி, பல்வலி, கால்வலி எல்லாத்துக்கும் நான் டிஸ்பென்சர் ஐயாகிட்டத்தான் அனுப்புவேன்."

"பங்கு பிரிச்சுக்கிட்டாங்க. கழுத்து வரைக்கும் சீனா, மேல இங்கிலீசு," என்றாள் அம்மாக்கண்ணு.

லியனார்ட் சிரிக்கவில்லை. கழுத்து முதல் இடுப்பு வரை, கையில் மணிக்கட்டு வரை. அது எதையோ நினைவுபடுத்தியது. என்னவென்றுதான் தெரியவில்லை. பசி வேறு.

கொட்டகலைக் கடைத்தெருவில் சின்னராசாவின் தையல்கடை ஒரு கதவு அகலம். உள்ளே ஒரு மிசின். அதற்குப் பின்னால் ஒரு திரை. சிவசாமியை வெளியே நிற்க வைத்துவிட்டு லியனார்ட் உள்ளே போனான்.

"எனக்கொரு கோட்டு தைக்கணும்."

"ஏன் தம்பி, கோட்டுப் போட்டுக்கிட்டுப் போக யாரும் செத்துட்டாங்களா?" என்று அம்மாக்கண்ணு கேட்டது சத்தியமாகத் தேவையில்லாதது.

சின்னராசா வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, நாடாவை எடுத்து லியனார்டின் தோளில் வைத்தார். லியனார்ட் ஆறடிக்குக் கொஞ்சம் கூடுதல். தையல்காரர் குள்ளம். வலது கையை எட்டி உயர்த்தி அளந்தார்.

"கை நல்லாத் தூக்குறீங்களே," என்றான் லியனார்ட்.

"போன மாசம் வரைக்கும் தோளுக்கு மேல வராதுங்க," என்றார், வாயில் ஊசியோடு பெருமையாக.

"ஆமா. செல்லசாமிகிட்டப் படுத்தீங்க. எதிர்ச் சுவரைப் பாத்தீங்க. நேத்து மத்தியானம் அந்தச் சுவரைக் காலி பண்ணீங்க."

சின்னராசாவின் தொண்டை ஏறி இறங்கியது.

"குண்டூசியை முழுங்கிடாதீங்க!" என்று கத்தினான் லியனார்ட்.

"முழுங்கினா என்ன, மருந்தில்லாத ஊசிதானே," என்றாள் அம்மாக்கண்ணு, திரையை விலக்கியபடி.

திரைக்குப் பின்னால் தலையில்லாத சீனாக்காரன் நின்றுகொண்டிருந்தான். மார்பிலும் தோளிலும் கையிலும் கறுப்புப் புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி மெல்லிய கோடுகள்.

சின்னராசா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"திருடணும்னு எடுக்கலீங்க. பெரிய துரை கோட்டுக்குத் துணி குடுத்திருந்தாரு. அவருக்கு ஒரு தோள் ஏத்தம், ஒரு தோள் இறக்கம். மூணு தரம் வெட்டி, மூணு தரமும் திருப்பி அனுப்பிட்டாரு. நாலாவது தரம் கெட்டுதுன்னா கடைய மூடவேண்டியதுதான். அந்தக் கவலையோட ஊசியக் குத்திக்கிட்டுப் படுத்திருக்கேன், சுவருல பாத்தா…" குரலைத் தாழ்த்தினார். "அது வைத்தியப் படமே இல்லீங்க. கோட்டு வெட்டுற படம்."

லியனார்ட் படத்தருகே குனிந்தான்.

"இங்க பாருங்க." சின்னராசா படத்தின் அடிப்பக்கத்தைக் காட்டினார். "அடியில மடிச்சு ஒட்டியிருந்துச்சு. மடிப்பைப் பிரிச்சுப் பாக்குறதுதானே எங்க தொழில். பிரிச்சேன்."

பிரித்த மடிப்பில் ஒரு கத்தரிக்கோலும், ஒரு நூல்கண்டும், மூன்று பொத்தான்களும் அச்சாகியிருந்தன.

லியனார்டின் மூளைக்குள் அப்போதுதான் ரயில் புறப்பட்டது. கழுத்து முதல் இடுப்புக்குக் கீழ் வரை, கையில் மணிக்கட்டு வரை! கோட்டு மறைக்கிற இடம் அத்தனையும்! கோட்டுக்குத் தலை எதற்கு, முழங்கால் எதற்கு?

"கேட்டு வாங்கியிருக்கலாமே?" என்றான்.

"கேட்டா ஏன்னு சொல்லணுமே. என் கையைத் தூக்க வச்ச மனுசன்கிட்டப் போயி, 'ஐயா நீங்க பாத்துக் குத்துறது கோட்டுப் படம்'னு எப்படிங்க சொல்றது? வெட்டி முடிச்சதும் கொண்டுபோய் மாட்டிடலாம்னு சாயங்காலமே போனேன். அதுக்குள்ள லயமே அங்க கூடி நின்னுச்சு. திரும்பி வந்து ராத்திரியோட தைச்சு, காலையில கோட்டைத் துரைகிட்டக் குடுத்துட்டேன்."

வாசலில் ஏதோ குதிக்கிற சத்தம் கேட்டது. சிவசாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"கோட்டுப் படம்! கோட்டுப் படம்!" அறுபதை நெருங்குகிற டிஸ்பென்சர் கொட்டகலைக் கடைத்தெருவில் குடையைச் சுழற்றிக்கொண்டு ஆடினார். "நான் என்ன சொன்னேன்? எல்லாம் பித்தலாட்டம்!"

"கொஞ்சம் நில்லுங்க ஐயா," என்றாள் அம்மாக்கண்ணு. "சின்னராசா, அந்தக் கையத் தூக்குங்க."

சின்னராசா எழுந்து தூக்கினார். கை கடையின் தாழ்ந்த கூரையைத் தொட்டது.

"இந்தக் கைக்கு நீங்க எத்தனை மாசம் தைலம் குடுத்தீங்க?"

குடை நின்றது. "எட்டு மாசம்," என்றார் சிவசாமி. "அது… தானாவே சரியாயிருக்கும்."

"எட்டு மாசம் ஏன் தானா சரியாகல?"

"நேரம் வரல. இல்லேன்னா, ஊசியை நம்பினான், நம்பிக்கையில போயிருக்கும்."

"உங்க தைலத்தையும்தாங்க நம்பினேன்," என்றார் சின்னராசா பணிவாக. "அந்த வாசனைக்கு என் சம்சாரம் எட்டு மாசம் அடுப்படியிலதான் படுத்தா. அவளும் நம்பினா."

சிவசாமி கோட்டுப் படத்தையும் தையல்காரரின் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஆடவில்லை.

படத்தைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் லயத்துக்குத் திரும்பியபோது மணி இரண்டரை. சொல்லவேண்டிய வேலை லியனார்டினுடையது. ரயிலில் டிக்கெட் இல்லாதவர்களை இறக்கிவிட்டபோதுகூட அவனுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. சொல்லாமல், மடிப்பை மட்டும் பிரித்துக் காட்டினான்.

செல்லசாமி கத்தரிக்கோலைப் பார்த்தார். பொத்தான்களை விரலால் தடவினார்.

"குருநாதர் செத்ததும் அவரோட படத்தை மகன் எடுத்துக்கிட்டுப் போயிட்டான்," என்றார் மெதுவாக. "கப்பல் ஏறுற அன்னைக்கு ஒரு கடையில போயி, உடம்பைக் காட்டி, புள்ளி புள்ளியாத் தொட்டுக் காட்டினேன். இதைக் குடுத்தான். தலை எங்கேன்னு கேட்டேன். என்னமோ சொல்லிச் சிரிச்சான். தலைப்படம் தனியா விப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

அம்மாக்கண்ணு படத்தை மெல்லச் சுருட்டினாள்.

"விசாரணையில நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார் சிவசாமி.

"நானே சொல்றேங்க," என்றார் செல்லசாமி.

சொன்னார். பெரட்டுக் களத்தில் இருநூறு பேருக்கு முன்னால், படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "இது கோட்டுப் படமுங்க. தெரியாமப் பாத்துட்டேன். எடுத்தது டிஸ்பென்சர் ஐயா இல்லீங்க," என்றார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரிய துரை, தோள் கச்சிதமாக உட்கார்ந்த புதுக் கோட்டு போட்டிருந்தார். கணக்கப்பிள்ளை அவர் காதில் விளக்கினார். துரை படத்தைப் பார்த்தார், தன் கோட்டைப் பார்த்தார், கூட்டத்துக்குள் ஒளிந்த சின்னராசாவைப் பார்த்தார்.

"அப்ப என் தோளுல இவரு கோட்டு தைச்சாரா?" என்று கேட்டாள் வீரம்மா. களம் குலுங்கியது. பாதிப் பேர் ஏமாற்று என்றார்கள். மீதிப் பேர், கோட்டோ கோவணமோ, வலி போனது போனதுதானே என்றார்கள். நீ, நான் என்று சத்தம் வளர்ந்தது.

துரை கையைத் தூக்கினார். அவருக்கு முப்பது வருடத்துத் தோட்டத் தமிழ் உண்டு.

"சத்தம் போடாதே! எனக்கு மூணு வாரம் தூக்கம் இல்லே. டிஸ்பென்சர் மாத்திரை குடுக்குது, தூக்கம் வராது. இப்ப இந்த ஆள் எனக்குக் குத்து. தூக்கம் வந்தா இரு. வராட்டிப் போ."

"துரை, மத்தியானம்கூட நான் குடுத்துட்டுப் போன ரெண்டு மாத்திரையைச் சாப்பிட்டிருப்பீங்க!" என்று சிவசாமி பதறினார்.

"அது வேலை செய்யலே," என்று துரை கோட்டைக் கழற்றினார்.

ஊசிகளை ஸ்பிரிட்டில் முக்கித் துடைக்காமல் ஒரு ஊசிகூடத் துரை மேல் படக்கூடாது என்று சிவசாமி அடம்பிடித்துத் தானே துடைத்துக் கொடுத்தார். செல்லசாமி படத்தைப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பி வைத்துவிட்டு, துரையின் மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேடினார். குருநாதர் எங்கே அழுத்துவார் என்று விரலிடமே கேட்பது போலிருந்தது. ஒரு ஊசி வலது கையில். ஒன்று இடது கையில். மூன்றாவதை எடுத்தவர், தயங்கித் தயங்கி, ஆறு மாதமாகத் தொடாத இடத்துக்குப் போனார். புருவங்களுக்கு நடுவே.

களத்தில் எல்லாரும் துரையின் முகத்தையே பார்த்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

துரையின் வாய் மெல்லத் திறந்தது. முதலில் கீச்சென்று ஒரு சத்தம். பிறகு, ஹட்டன் மேட்டில் ஏறுகிற கூட்ஸ் ரயில் மாதிரி, குறட்டை!

"தூங்கிட்டாரு!" என்று செல்லசாமி கிசுகிசுத்தார்.

"மாத்திரை! மத்தியான மாத்திரை இப்பத்தான் பிடிச்சிருக்கு!" என்று சிவசாமியும் கிசுகிசுத்தார்.

"மூணு வாரம் பிடிக்காத மாத்திரையா?"

"கோட்டுப் படம் பாத்த கையா?"

துரையை எழுப்பிவிடுவோமோ என்ற பயத்தில் இருவரும் சத்தமே இல்லாமல், கையாலும் கண்ணாலும் சண்டை போட்டார்கள். கடைசியில் இரண்டு பேரும் லியனார்டிடம் வந்தார்கள். "நீங்கதானே துப்பறியுறவரு. எது தூங்க வச்சுதுன்னு சொல்லுங்க!"

லியனார்ட் துரையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பங்களாச் சமையல்காரனிடம் காதோடு காதாக ஒரு கேள்வி கேட்டான்.

"சந்தேகத்துக்குரியவங்க மூணு பேர்," என்றான். "மாத்திரை ஒண்ணு. ஊசி ஒண்ணு. மத்தியானம் துரை முழுசாச் சாப்பிட்ட கோழி ஒண்ணு. மூணு பேருமே சம்பவம் நடந்தப்ப அங்கதான் இருந்திருக்காங்க. யாரைப் பிடிக்க?"

"சாட்சியும் தூங்குது," என்றாள் அம்மாக்கண்ணு.

மழை பிடித்துக்கொண்டது. எழுப்பத் துணிவில்லாமல் நான்கு கங்காணிமார் நாற்காலியோடு துரையைத் தூக்கிக் களத்தோரக் கூரையின் கீழ் வைத்தார்கள். சிவசாமியே குனிந்து, ஊசி மேல் காற்றுகூடப் படாமல் குடை பிடித்து வந்தார். சனங்கள் அங்கேயே நின்றார்கள், இருமல் வந்தவர்கள் கம்பளிக்குள் இருமினார்கள்.

ஐந்தரை மணிக்குத் துரை கண் விழித்தார். செல்லசாமி ஊசிகளை எடுத்ததும் கைகளை நீட்டி முறித்தார். முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது.

"துரை, விசாரணை…" என்று கணக்கப்பிள்ளை நினைவுபடுத்தினார்.

"விசாரணை முடிஞ்சது. ரெண்டு பேரும் வா." டிஸ்பென்சரும் செல்லசாமியும் முன்னால் போய் நின்றார்கள். "நாளைக்கு இதே நேரம் பங்களாவுக்கு வா. நீ மாத்திரை குடு. நீ ஊசி குத்து. குசினியில கோழி செய்யச் சொல்லு. ஒண்ணும் நிறுத்தாதே."

சிவசாமியால் தாங்க முடியவில்லை. "துரை! எல்லாத்தையும் சேத்துக் குடுத்தா, எதுனால தூக்கம் வந்துச்சுன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?"

துரை எழுந்து நின்று, சின்னராசா பயந்து பயந்து நீட்டிய கோட்டுக்குள் கையை நுழைத்தார்.

"எனக்குத் தெரிய வேணாம்," என்றார். "எனக்குத் தூங்கணும்."